பிப்ரவரி 17: எட்டு மணி நேரம்

ஒன்பதாவது ஆளின் டைம்ஷீட்டையும் திருப்பி அனுப்பினாள் லரிசா.

இன்னும் இரண்டு பாக்கி. திரையின் மூலையில் மணி 11.53.

பன்னிரண்டானால் பிப்ரவரி மாதம் தானாகப் பூட்டிக்கொள்ளும். பூட்டிய பிறகு, யார் எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் செலவிட்டார்கள் என்று பதிவில் இருக்கிறதோ அதுதான் உண்மை. கடவுளே நேரில் வந்தாலும் ஒரு கட்டத்தை மாற்ற முடியாது. ஒப்புதல் வாங்காத ஷீட் நின்றால் மட்டும் பூட்டு விழாது.

பத்து. பதினொன்று.

பச்சையாக இருந்த பதினொரு கட்டங்களும் சிவந்து நின்றன.

மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. போட்னார் கன்ட்ரோல்ஸ் கம்பெனியில் மூன்று படிகளை ஒரே தாவலில் ஏறுகிறவன் ஒருவன்தான். அவளுடைய அண்ணன் டார்சி.

"லரிஸ்! என்ன காரியம் பண்ணிட்டிருக்கே?"

"டைம்ஷீட் பாக்கறேன். அதுதானே என் வேலை?"

"வென்டலோடதை மட்டும் நிறுத்தியிருந்தா உன் பிடிவாதம்னு விட்டிருப்பேன். எல்லாரோடதையும் எதுக்குத் திருப்பினே?"

"ஒருத்தரோடதை நிறுத்தினா அது வென்டலோட பிரச்சினை. பதினோரு பேரோடதையும் நிறுத்தினா அது கம்பெனியோட பிரச்சினை. இப்பவாவது உக்காந்து பேசுவியா?"

டார்சி உட்காரவில்லை.

புதன்கிழமை நடந்ததை இங்கே ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ஸ்டோன்விக் தானியக் கிடங்கில் கோதுமையை உலர்த்தும் இயந்திரத்தை ஓட்டுவது போட்னார் கன்ட்ரோல்ஸ் எழுதிய சாஃப்ட்வேர். சூடு எல்லை மீறினால் அதுவே இயந்திரத்தை நிறுத்த வேண்டும். சோதனை ஓட்டத்தில் சூடு ஏறியது. புகை வந்தது. இயந்திரம் நிற்கவில்லை. அங்கிருந்த ஓர் ஆள் ஓடிப்போய்க் கையால் சுவிட்சை இழுத்ததால் யாருக்கும் காயமில்லாமல் போயிற்று.

ஆபீசுக்குத் திரும்பி வந்து பார்த்தால், 'அவசர நிறுத்தம்: டெஸ்டிங்' என்ற டாஸ்க் 'முடிந்தது' என்ற வரிசையில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. வென்டல் சிகுர்ட்சன் பெயரில் எண்பது மணி நேரம். ஆனால் அப்படி ஒரு டெஸ்டிங் நடக்கவே இல்லை.

செய்யாததைச் செய்ததாக எழுதியவர் என்று வென்டலை இன்று மூன்று மணிக்கு, கிடங்கின் அதிகாரி ஜினெட் லாவாலே முன்னிலையில், வேலையை விட்டு அனுப்புவது என்பது டார்சியின் முடிவு. வென்டலுக்கு வயது ஐம்பத்தேழு. பொய் எழுதியதற்காக வெளியே போன டெஸ்டர் என்று பெயர் வந்துவிட்டால், மானிடோபா மாகாணத்தில் இனி எந்தக் கம்பெனியும் அவர் கையெழுத்தை நம்பாது.

"இதைப் பாரு." லரிசா திரையை அண்ணன் பக்கம் திருப்பினாள். "பிப்ரவரி பதினேழு, திங்கள். வென்டல் பேர்ல எட்டு மணி நேரம். அன்னைக்கு என்ன நாள்?"

"லூயி ரியல் டே."

"மாகாணத்துக்கே லீவு. டெஸ்ட் ரூம் பூட்டிக் கிடந்துச்சு. சாவி உன் மேஜையில."

"அதைத்தானே நானும் சொல்றேன்? லீவு நாள்ல வேலை செஞ்சேன்னு எழுதியிருக்கார். பச்சைப் பொய்."

"பொய் சொல்றவன் யோசிச்சுச் சொல்லுவான் டார்சி. லீவு நாளுக்கு எட்டு மணி நேரம்னு எந்த முட்டாளும் கையால எழுத மாட்டான். 'போன வாரம் மாதிரியே நிரப்பு'ன்னு ஒரு பட்டன் இருக்கே, அதை அழுத்தினாத்தான் இப்படி விழும். அது லீவு பாக்காது, ஆள் இருக்காரான்னு பாக்காது. கண்ணை மூடிட்டு நிரப்பும்."

"அப்ப வென்டல் அழுத்தியிருக்கார்."

"நான் அழுத்தல."

கதவருகே வென்டல் நின்றிருந்தார். கையில் அட்டைப்பெட்டி. மேஜையைக் காலி செய்யச் சொல்லி டார்சி காலையிலேயே கொடுத்து அனுப்பியது. அதற்குள் இதுவரை ஒரு காபிக் கோப்பை மட்டும்தான் போயிருந்தது.

"அதுக்கு முந்தின வாரம் டெஸ்ட் மேடை கட்டினேன், நாப்பது மணி நேரம். அது நான் எழுதினது. அடுத்த செவ்வாக்கிழமை நீங்கதானே என்னை பிராண்டனுக்கு அனுப்பினீங்க? வெள்ளி வரைக்கும் கன்வேயர் அடியில படுத்துக் கிடந்தேன். அந்த இடத்துல போனே எடுக்காது, டைம்ஷீட் எங்கேர்ந்து எழுதறது?"

"திரும்பி வந்தப்புறம் பார்த்திருக்கணுமில்ல?" என்றான் டார்சி.

"பார்த்தேன். பச்சையா இருந்துச்சு. பச்சையா இருக்கறதை யாராவது நோண்டுவாங்களா? கிம்லி ஏரியில மீனே தானா வந்து தூண்டில்ல மாட்டினா, ஏன் மாட்டினேன்னு அதை விசாரிச்சிட்டு இருப்பேனா?"

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். ஸ்கிரீன் வடிவமைக்கும் ஜோசலின். அவளுக்குப் பின்னால் மற்ற ஒன்பது பேரும் நின்றிருந்தார்கள்.

டார்சி அவர்கள் பக்கம் திரும்பினான். "எல்லாரும் உங்க ஷீட்டை இப்பவே மறுபடி அனுப்புங்க. அஞ்சு நிமிஷம் இருக்கு. மூணு மணிக்கு லாவாலே வராங்க. சுவத்துல இருக்கற பலகை முழுக்க சிவப்பா இருந்தா நம்மளைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

ஒருவரும் நகரவில்லை.

"ஜோசலின்?"

"எனக்குப் பசிக்குது. சாப்பிடப் போறேன்."

"ஷீட்டை அனுப்பிட்டுப் போங்க."

"திரும்பி வந்தது வந்ததுதான். என் ஷீட்டு என்கிட்டயே பத்திரமா இருக்கட்டும்." ஜோசலின் கோட்டை மாட்டிக்கொண்டாள். "அவ்வளவு அவசரம்னா எங்க பேர்ல நீங்களே நிரப்பிக்கலாமே? உங்களுக்குத்தான் அந்த உரிமை இருக்கே! வென்டலுக்கு நிரப்பின மாதிரி."

டார்சி லரிசாவைப் பார்த்தான்.

அடுத்தவர் பெயரில் நிரப்பும் உரிமை அந்தக் கம்பெனியில் மூன்றே பேருக்கு. கம்பெனியை ஆரம்பித்த அப்பா ஓரெஸ்ட். டார்சி. லரிசா.

"சொல்லு டார்சி," என்றாள் லரிசா. "அந்த வெள்ளிக்கிழமை நான் ஆபீஸ்லயே இல்ல. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். காலையிலேர்ந்து ஆஸ்பத்திரியில இருந்தேன். அன்னைக்கு எல்லாரோட வாரக் கணக்கையும் முடிச்சது யாரு?"

டார்சி மற்றவர்களை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"லரிஸ். பொறந்ததுலேர்ந்து நான் சொன்ன எதையும் நீ கேட்டதில்ல. இந்த ஒரு தடவை கேளு. வென்டலுக்கு ஆறு மாசச் சம்பளம் குடுத்து மரியாதையா அனுப்பறேன். ஷீட்டை எல்லாம் அனுப்பச் சொல்லு. விட்டுடு."

"ஹிஸ்டரியைத் திற. யார் நிரப்பினாங்கன்னு அதுல இருக்கும். என் லாகின்ல அது திறக்காது."

"முடியாது."

"நீ பார்த்துட்டே. இல்ல?"

"நேத்து ராத்திரி பார்த்தேன்."

"பயமா இருக்கா?"

"ஆமா," என்றான் டார்சி. "பயமாத்தான் இருக்கு."

அண்ணன் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவள் கேட்டதே இல்லை. ஆனால் அதற்காக நின்று யோசிக்கும் பொறுமை அவளுக்கு இல்லை. ஹிஸ்டரியைத் திறக்கக்கூடிய இன்னொரு ஆள் இருக்கிறார். அவள் கோட்டை எடுத்தாள்.

சுவர்க்கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டியது. பிப்ரவரி பூட்டவில்லை.

*

வெளியே மைனஸ் இருபத்தேழு. எஞ்சின் உறையாமல் இருக்கக் காரில் செருகியிருந்த ஹீட்டர் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி எறிந்துவிட்டுக் கிளம்பினாள்.

மேற்கு கில்டோனனில் பெற்றோர் வீட்டில், பனித்தரையில் கல்லைச் சறுக்கிவிடும் கர்லிங் ஆட்டத்தை அப்பா டிவியில் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா ஹால்யா ஈரத்துணியும் கையுமாகச் சமையலறைச் சுவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"வா லரிசா, இந்த அநியாயத்தைப் பாரு. இருபது வருஷமா என் சமையலறை சுத்தமா இருக்குன்னு நினைச்சிட்டிருந்தேன். கண்ணைச் சரி பண்ணினப்புறம்தான் தெரியுது, பன்றிகூட இங்க வந்து சாப்பிட யோசிக்கும்."

"டாக்டர் குனியக் கூடாதுன்னு சொன்னாரும்மா."

"சுவத்துக்கு எதுக்குக் குனியணும்?"

லரிசா டிவியை அணைத்தாள். ஓரெஸ்ட் போட்னாருக்கு எழுபத்தொரு வயது. கடைசிக் கல் போகும்போது டிவியை அணைத்த ஆளை அந்த வீட்டில் இதுவரை யாரும் பார்த்ததில்லை.

"அப்பா, உங்க லாகின் வேணும்."

விஷயம் முழுவதையும் நின்றபடியே சொன்னாள். வென்டலின் அட்டைப்பெட்டியில் கிடந்த ஒற்றைக் கோப்பை வரைக்கும்.

அப்பா மோவாயைத் தேய்த்தார். "ஏப்ரல்லேர்ந்து கம்பெனிக்கு நீதான் தலைமைன்னு முடிவாச்சு. ஸ்டோன்விக்காரங்க அடுத்த வேலையைக் குடுக்கறதே உன்னை நம்பித்தான். இன்னும் ஒரு மாசம். அதுக்குள்ள அண்ணனோட எதுக்கு மல்லுக்கு நிக்கறே?"

"செய்யாத தப்புக்கு ஒருத்தரை அனுப்பிட்டு, நான் போய் அந்த நாற்காலியில உக்காரணுமா?"

"டார்சி காரணம் இல்லாம செய்ய மாட்டான்."

"காரணம் எனக்கும் தெரியும். அவன்தான் நிரப்பியிருக்கான்."

"அவனா?" அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கம்பளத்தைப் பார்த்தார். "லரிசா, இதுல என் பங்கும் ஒண்ணு இருக்கு."

அப்பாவா? அதனால்தான் டார்சி பயந்தானா?

"என்ன பங்கு?"

"ஒரு டாஸ்க்குக்கு இத்தனை ஆகும்னு முதல்லயே குறிச்ச மணி நேரம் நிரம்பினா, அது தானா 'முடிந்தது'ன்னு ஆகணும்னு ஒரு விதி இருக்கில்ல? அதைப் போடச் சொன்னது நான்தான். பசங்க வேலையை முடிச்சுட்டு 'முடிந்தது'ன்னு தட்ட மறந்துடுவாங்க. வாடிக்கைக்காரங்க பலகையைப் பார்த்துட்டு போன் மேல போன் போடுவாங்க. தொல்லை விட்டதுன்னு நினைச்சேன்."

லரிசா மெல்ல உட்கார்ந்தாள். எண்பது மணி நேரம் ஆகும் என்பது மதிப்பீடு. மேடை கட்டிய நாற்பது உண்மை. பட்டனை அழுத்தி விழுந்த நாற்பது பொய். இரண்டும் சேர்ந்ததும் டாஸ்க் தானாக முடிந்துவிட்டது. டெஸ்டிங் முடிந்ததாக எந்த மனிதரும் சொல்லவில்லை. மணிக்கணக்கு சொல்லிவிட்டது.

"அப்ப வென்டல் ஷீட்டை நிரப்பினது நீங்களா?"

"நானா! எனக்கு அந்த சாஃப்ட்வேர்ல எங்க தட்டறதுன்னே தெரியாது."

"அப்ப வந்து தட்டுங்க. யாருன்னு பாப்போம்."

"அந்த லாவாலே அம்மா எதிர்லயா? கம்பெனி பேர் என்ன ஆகும்?"

ஈரத்துணி வந்து சோபாவின் கைப்பிடியில் விழுந்தது. அம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"பேராம் பேரு! இயந்திரம் நிக்கல, புகை வந்துது. அந்த ஆள் ஓடியிருக்காட்டி இன்னைக்கு நீ கர்லிங் பாக்க மாட்டே, சாவு வீட்டுல நிப்பே. வென்டல் நம்ம கூரைப் பனியைத் தள்ளினவன். எழுந்திரு ஓரெஸ்ட். சட்டையை மாத்து. அதுல முட்டைக்கறை இருக்கு, எனக்கு இப்ப தெரியுது."

ஓரெஸ்ட் எழுந்தார்.

*

மூன்று மணிக்கு ஜினெட் லாவாலே சரியாக வந்தார். செயின்ட் போனிஃபேஸ் பேட்டைக்காரர். ஒரு நிமிடம் முன்னதாகவும் இல்லை, பின்னதாகவும் இல்லை. கோட்டைக்கூடக் கழற்றாமல் சுவரில் இருந்த பெரிய பலகையைப் பார்த்தார்.

பதினொரு பெயர்கள். பதினொரு சிவப்புக் கட்டங்கள்.

"இது என்ன? உங்க ஆட்கள் யாரும் இந்த மாசம் வேலையே செய்யலையா?"

"செஞ்சோம்," என்றாள் ஜோசலின். அவளை யாரும் அழைக்கவில்லை. சுவரோரம் பதினொரு பேரும் வரிசையாக நின்றிருந்தார்கள். "ஆனா பொய் இருக்கற மாசத்துல எங்க மணிக்கணக்கைச் சேர்க்க மாட்டோம்."

"ஜோசலின், தயவுசெஞ்சு வெளியே..." என்று டார்சி ஆரம்பித்தான்.

"இருக்கட்டும்." லாவாலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மிஸ்டர் போட்னார், புதன்கிழமை என் ஆள் ஒருத்தன் புகைக்குள்ள ஓடினான். யார் மேல தப்புன்னு இன்னைக்குச் சொல்றேன்னீங்க. சொல்லுங்க."

டார்சி தங்கையைப் பார்க்காமல் பேசினான். "எங்க டெஸ்டர் ஒருத்தர், செய்யாத வேலையைச் செஞ்சதா எழுதிட்டார். இன்னையோட அவர் இங்க இல்ல."

"நான் எழுதல," என்றார் வென்டல். குரலை உயர்த்தவில்லை. அட்டைப்பெட்டியை மட்டும் மேஜை மேல் வைத்துக் கவிழ்த்தார். கோப்பை உருண்டது. ஜோசலின் பிடித்தாள்.

கதவு திறந்தது. லரிசாவும், கறையில்லாத சட்டையில் ஓரெஸ்ட்டும்.

"அப்பா? நீங்க எதுக்கு?" டார்சியின் முகம் வெளிறியது.

"பொண்ணு கூப்பிட்டா. உங்கம்மா தள்ளி விட்டா." ஓரெஸ்ட் லாவாலேக்குக் கை கொடுத்துவிட்டு மேஜையின் தலைப்பக்கம் உட்கார்ந்தார்.

லரிசா மடிக்கணினியை அவர் முன் வைத்தாள். "மேடம், வென்டல் பொய்யரா இல்லையான்னு நாங்க யாரும் வாய்ப்பேச்சாச் சொல்ல வேண்டாம். எந்த ஷீட்டை, எப்ப, யார் நிரப்பினாங்கன்னு உள்ள பதிவாகியிருக்கு. அதை உங்க முன்னாடியே திறக்கறோம்."

"லரிஸ், வேண்டாம்." டார்சி எழுந்துவிட்டான். "வெளியே வா. ரெண்டு நிமிஷம். தனியா பேசணும்."

"பேச வேண்டியதை எல்லாம் இங்கயே பேசு. தனியாப் பேசித்தானே வென்டல் கையில பெட்டியைக் குடுத்தே?"

"நீ நினைக்கற மாதிரி இல்ல!"

"எப்படின்னு இப்ப தெரிஞ்சுடும்."

ஓரெஸ்ட் ஒற்றை விரலால் பாஸ்வேர்டைத் தட்டினார். தப்பு. மறுபடி தட்டினார். தப்பு. சுவரோரம் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். மூன்றாவது தடவை திறந்தது.

"வென்டல் பேரை அழுத்துங்கப்பா. பிப்ரவரி மூணாவது வாரம். 'ஹிஸ்டரி'."

அழுத்தினார். கண்ணைச் சுருக்கினார். "எழுத்து எறும்பு மாதிரி இருக்கு. கண்ணாடியை வீட்டுல விட்டுட்டேன். நீ படி."

லரிசா அவருக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். திரை இப்போது அவளுக்கு மட்டும்தான் தெரிந்தது. அறை முழுவதற்கும் கேட்கும்படி, ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள்.

"பிப்ரவரி இருபத்தொண்ணு, வெள்ளிக்கிழமை. காலை மணி பதினொண்ணு நாப்பத்தொண்ணு. வென்டல் சிகுர்ட்சன் ஷீட்டு காலியா இருந்தது. 'போன வாரம் மாதிரியே நிரப்பு' அழுத்தப்பட்டது. திங்கள் முதல் வெள்ளி வரை, நாப்பது மணி நேரம்."

"வென்டல் அன்னைக்கு பிராண்டன்ல," என்றாள் ஜோசலின்.

"அதே நிமிஷம். எண்பதுக்கு எண்பது. 'அவசர நிறுத்தம்: டெஸ்டிங்' டாஸ்க் தானா முடிந்தது."

லாவாலே முன்னால் சாய்ந்தார். "தானாவா? யாரும் பாக்காமலா?"

"யாரும் பாக்காமதான்," என்றார் ஓரெஸ்ட். "அந்த விதி என்னோடது. அதுக்கு நான் பொறுப்பு."

"அப்படின்னா இதே மாதிரி தானா முடிஞ்சது இன்னும் எத்தனை இருக்கு மிஸ்டர் போட்னார்? என் கிடங்குல ஓடறதுல எத்தனை?"

ஓரெஸ்ட் மோவாயைத் தேய்த்தார்.

"அதுக்கு அப்புறம் வரேன்," என்றார் லாவாலே. "முதல்ல இது. பட்டனை அழுத்தினது யாரு?"

லரிசா அடுத்த வரிக்கு வந்தாள்.

நிறுத்தினாள்.

டார்சி மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணில் கோபம் இல்லை. தலையை இடமும் வலமுமாக, யாருக்கும் தெரியாத அளவு, அசைத்தான். 'மூடிடு' என்று உதடு மட்டும் சொன்னது.

மூடிவிடலாம். நெட்வொர்க் போய்விட்டது என்று சொல்லலாம். பெயர் பதிவாகவில்லை என்று சொல்லலாம். அப்பாவுக்கு எழுத்து தெரியவில்லை. அண்ணன் காட்டிக்கொடுக்க மாட்டான். நேற்று இரவே பார்த்தும் காட்டிக்கொடுக்காதவன். ஏப்ரல் வரும். நாற்காலி வரும்.

வென்டல் அவளைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார், தீர்ப்புக்குக் காத்திருக்கும் ஆளைப் போல.

"மிஸ் போட்னார்?" என்றார் லாவாலே. "பேர் இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

லரிசா மடிக்கணினியைத் தூக்கி, திரை லாவாலேயின் முகத்துக்கு நேராக இருக்கும்படி திருப்பி வைத்தாள். எழுந்து நின்றாள். பார்க்காமலே படித்தாள். இனி அந்த வரியை மறக்க அவளுக்கு வழியில்லை.

"நிரப்பியவர், லரிசா போட்னார். கைப்பேசி வழியா. ஆஸ்பத்திரியில உக்காந்து, பாக்காமலே அழுத்தியிருக்கேன்."